தகரப் பண்ணை: ஒன்பதாம் அத்தியாயம் – வரப்புச் செம்மண்

வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போது எங்கள் கூலிக்காரி நாகம்மா வாசலில் உட்கார்ந்து, செடி வைத்த டின்களுக்குச் செம்மண் பூசிக்கொண்டிருந்தாள். நான்தான் பூசச் சொன்னேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து கோர்ட் கமிஷனர் வருகிறார். எதிராளியும் கூடவே வருவான். வருகிறவர்கள் எங்கள் வாசலைப் பார்த்து, நொடித்துப்போன வீடு என்று நினைத்துவிடக் கூடாது. வாசலை மெழுகி, கோலம் போட்டு, பொங்கல் பானைக்குச் செய்வதுபோல ஒவ்வொரு டின்னுக்கும் செம்மண் பூசி, மேலே சுண்ணாம்புப் பட்டை இழுக்கச் சொல்லியிருந்தேன். மண்ணெண்ணெய் டின்தான். ஆனாலும் என் வாசலில் நிற்கிறது. லட்சணமாக நிற்கட்டும்.

கமிஷனர் எதற்கு வருகிறார் என்பது ஊருக்கே தெரியும். ராமப்பன் வீடு வீடாகச் சொல்லிவிட்டான்.

ராமப்பன் எங்கள் பங்காளி. என் கணவர் ஆஞ்சப்பனுக்குச் சித்தப்பா மகன். அவர் காலமான மறுவருஷமே, மேட்டு நிலம் முழுவதும் தனக்கே பாத்தியம் என்று கோர்ட்டுக்குப் போனான். வழக்கு முடிகிறவரை இரண்டு தரப்பாரும் அந்த நிலத்தில் உழக் கூடாது, நடக் கூடாது, ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. எங்கள் வக்கீல் அதைப் படித்துச் சொன்னபோது என் கொழுந்தன் கோவிந்தப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் வக்கீலிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"வாசல்ல செடி வைக்கக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்குதா?"

"இல்லைம்மா."

"அது போதும்."

ஊரார் 'தகரப் பண்ணை' என்று பேர் வைத்துச் சிரிக்கிற எங்கள் தோட்டம் அப்படித்தான் பிறந்தது.

செடிகளைக் கொண்டுவந்தவள் கோவிந்தப்பனின் மகள் ராஜாத்தி. தாயில்லாத பெண். என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டு என் கையில் சாப்பிட்டு வளர்ந்தவள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு ஒத்தாசையாகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். அங்கே இருந்த அமெரிக்க டாக்டரம்மா ஊரோடு போகும்போது, தன் பங்களா வராந்தாவில் டின்களில் வளர்த்த செடிகளை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். புளூபெரி என்று அதற்குப் பேர். நம் பக்கத்துக் களாப்பழம் போலச் சின்னதாக, கொத்துக் கொத்தாகப் பழுக்கும் என்று ராஜாத்தி சொன்னதும், ஊரில் அது சீமைக்களா ஆகிவிட்டது.

சீமைக்களாவுக்கு இருக்கிற பவிசு எந்த மாப்பிள்ளைக்கும் இருக்காது. நம் செம்மண் ஆகாது. சாம்பல் ஆகாது. சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் இலை வெளுத்துவிடும். தளிக் காட்டிலிருந்து வண்டிக்காரன் திம்மராயன் ஏற்றிவரும் மக்கிய இலை மண்ணும் மரத்தூளும் கலந்து போட்டால்தான் வேர் பிடிக்கும். குடிப்பதற்கு மழைத் தண்ணீர். மழை பெய்தால் ஊர் உள்ளே ஓடும். ராஜாத்தி அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவாள். மழைத் தண்ணீர் தீர்ந்த நாளில் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றினாள். அன்றிலிருந்து, "தகரப் பண்ணையில செடிக்கு ரசம் ஊத்தறாங்கடி!" என்று தண்ணீர்த் துறையில் ஒரே சிரிப்பு.

சிரிப்பு என்னை ஒன்றும் செய்யவில்லை. இந்த வருஷம் காய் பிடித்தது. அதுதான் ராமப்பனை உறுத்திவிட்டது.

டின்களில் இருப்பதெல்லாம் மேட்டு நிலத்திலிருந்து திருடிய மண் என்று மனுப் போட்டான். அது நிஜம் என்று கமிஷனர் எழுதிவிட்டால், உத்தரவை மீறியவர்கள் என்று சொல்லி, அதே பட்டாவில் இருக்கும் வீட்டையும் கோர்ட் தன் கையில் எடுத்துக்கொள்ளும்படி கேட்பான். நாங்கள் வெளியே நிற்போம். வீடு போனால் இன்னொரு வீடு கட்டிக்கொள்ளலாம். 'மண் திருடி' என்று ஒரு பேர் இந்தக் குடும்பத்துக்கு வந்தால் அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

இந்த எண்ணத்தோடுதான் நான் அன்று காலை வாசலில் நின்று, நாகம்மாவின் கைவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பும் வெள்ளையுமாக டின்கள் கல்யாண வீட்டுப் பந்தல்கால் மாதிரி ஜொலித்தன.

ராஜாத்தி தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தாள். வந்தவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"பெரிம்மா! இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இன்னா பண்ணிட்டோம்? வெளிப்பக்கந்தான பூசியிருக்குது."

"மேல பாருங்க, மேல!"

பார்த்தேன். நாகம்மா வேலையில் மனம் வைத்தவள். டின்னுக்கு வெளியே பூசியதோடு நிற்காமல், டின் வாயிலும் செடியைச் சுற்றிச் செம்மண்ணைப் பரப்பி, அடுப்பு மெழுகுவதுபோல வழவழவென்று மெழுகிவிட்டிருந்தாள்.

"பாக்க நல்லா இருக்கட்டுமேன்னுதான் பாப்பா," என்றாள் நாகம்மா.

"நல்லாருக்கும் நல்லாருக்கும். சுண்ணாம்பு உள்ள எறங்கட்டும், நாலு நாள்ல எல்லாம் வெளுத்து நிக்கும். அப்பப் பாரு அழக." ராஜாத்தி மண்டியிட்டு உட்கார்ந்து விரலால் செம்மண்ணைச் சுரண்டி எடுத்தாள். சுரண்டிக்கொண்டே வந்தவள் கை நின்றது. ஒரு கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"நாகம்மாக்கா, இது எங்க எடுத்த மண்ணு?"

"எங்க எடுப்பாங்க? நம்ம மேட்டு வரப்புலதான். வேற எந்த மண்ணு இப்படி ஒட்டும்? வருசா வருசம் பொங்கலுக்கு அங்கதான எடுக்கறோம்?"

ராஜாத்தி என்னைப் பார்த்தாள்.

இந்த வீட்டுக்கு நான் வாழ வந்த நாளிலிருந்து செம்மண் என்றால் அந்த வரப்புதான். அடுப்புக்கு, சுவருக்கு, பண்டிகைக்கு, எல்லாவற்றுக்கும். "செம்மண் கொண்டா" என்று நான் சொன்னேன். எங்கிருந்து என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இருவருக்கும் அதில் கேட்க ஒன்றுமில்லை. ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது என்று கோர்ட் சொன்னதும், பண்டிகைக்குச் செம்மண் எடுப்பதும் ஒரே காரியம் என்று என் புத்திக்கு அந்த நிமிஷம்வரை எட்டவே இல்லை.

கோவிந்தப்பன் பல் துலக்கிக்கொண்டே பின்கட்டிலிருந்து வந்தான். விஷயம் தெரிந்ததும் வேப்பங்குச்சி கையிலிருந்து விழுந்தது.

"கழுவுங்க! சீக்கிரம் கழுவுங்க அண்ணி!"

"கழுவுனா வாசல் முழுக்கச் செகப்பா ஓடும்," என்றாள் ராஜாத்தி. "தெருவுக்கே தெரியும்."

"அப்ப இன்னா பண்றது? காலை பஸ்ஸுல எறங்கிடுவாரு. ராமப்பன் வண்டி கட்டிக்கினு ரோட்டுக்குப் போயிட்டான்." இரண்டு முறை வாசலுக்கும் நடைக்கும் போய் வந்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணி, நாகம்மா தானாப் போயி எடுத்துட்டா, நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடலாம். கூலிக்காரிதான? கோர்ட்டு அவள இன்னா பண்ணிடப் போகுது? ரெண்டு அதட்டு அதட்டிட்டு விட்டுருவாங்க."

"அப்பா!" என்றாள் ராஜாத்தி.

"நீ சும்மா இரு. வீடு போயிடும், தெரியுமா உனக்கு?"

நாகம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சொல்லிக்கிறேம்மா. நாந்தான் எடுத்தேன். உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான?"

தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னாள்.

நான் உள்ளே போய்விட்டேன். துவைத்த வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டேன். கோவிந்தப்பன் சொன்னது எனக்குக் கசந்தது என்று எழுதினால் அது பொய். கசக்கவில்லை. ஆஞ்சப்பன் பெண்சாதி மண் எடுத்தாள் என்று கோர்ட் காகிதத்தில் ஏறுவதைவிட, நாகம்மா எடுத்தாள் என்று ஏறுவது எவ்வளவோ சுலபம். அவளே சம்மதிக்கிறாள். சேலைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு, அப்படியே இருக்கட்டும் என்று முக்கால்வாசி முடிவுக்கு வந்துவிட்டேன்.

தெருமுனையில் மாட்டு மணி கேட்டது.

கமிஷனராக வந்தவர் அருள்ஜோசப் என்கிற கிருஷ்ணகிரி வக்கீல். ஒல்லியான சின்ன வயசு மனிதர். கறுப்புக் கோட்டும் குடையுமாக வண்டியிலிருந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் ராமப்பன், புதுத் தலைப்பாகையோடு. அவனுக்குப் பின்னால் தெரு.

"வாங்க சார். இதான் தகரப் பண்ணை," என்றான் ராமப்பன், எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க அண்ணியோட ஜமீனு."

"ஆமா ராமப்பா," என்றேன். "ஜமீனுக்குள்ள செருப்போட வராத. கழட்டிப் போட்டுட்டு வா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கமிஷனர் ஒரு நிமிஷம் தயங்கி, பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். கோட்டுப் போட்டவரே கழற்றிய பிறகு ராமப்பன் என்ன செய்வான்? கழற்றினான்.

ஆனால் வாசலுக்குள் கால் வைத்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. டின்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி டின்களைப் பார்த்தான்.

"சார், நாம தேடவே வேணாம். அவங்களே பூசி, பொட்டு வெச்சு, எடுத்துக்கோன்னு காட்டறாங்க! இது எங்க மேட்டு மண்ணு. இந்தச் செகப்பு இந்தச் சுத்துப்பட்டுல வேற எங்கயும் இல்ல. யார வேணாலும் கேளுங்க."

கமிஷனர் குனிந்து ஒரு டின்னைத் தொட்டார். இன்னும் ஈரமாக இருந்தது. விரலில் சிவப்பு ஒட்டியது.

"இது எங்கே எடுத்த மண்?" என்று கோவிந்தப்பனைக் கேட்டார். வீட்டு ஆண்பிள்ளை என்று அவனைக் கேட்டார்.

"அது வந்து... சார்... கூலிக்காரப் பொம்பள ஒருத்தி, எங்களுக்குத் தெரியாம..."

நாகம்மா முன்னால் வந்தாள். முழங்கைவரை செம்மண்.

"அப்படிப் போகுதா?" என்றான் ராமப்பன். "மண்ணு திருடறதுக்கும் கூலி ஆள் வெச்சாச்சா? சரி, அப்ப திருடி இவதான். சார், இவ கையில மண்ணு காயறதுக்குள்ள ஸ்டேஷனுக்கு அனுப்பணும். ஏட்டையா உத்தனப்பள்ளியிலதான் இருக்காரு. நான் வண்டி குடுக்கறேன்."

ஸ்டேஷன் என்ற சொல் நாகம்மா எதிர்பார்க்காதது. கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். ஆனாலும் தலையை ஆட்டினாள். "நாந்தான் சாமி எடுத்தேன்," என்றாள்.

அந்தக் கைகளை நான் பார்த்தேன். என் சொல் கேட்டு விடியுமுன் மண் சுமந்த கைகள். அவற்றை விற்று என் நல்ல பேரை வாங்க நினைத்தேனே.

"நாகம்மா, பின்னால போ," என்றேன்.

"அம்மா..."

"போன்னு சொன்னேன்."

கமிஷனருக்கு நேராகப் போய் நின்றேன். "எடுக்கச் சொன்னவ நான். என் பேரு லட்சுமியம்மாள். எழுதிக்குங்க."

"அண்ணி!" என்றான் கோவிந்தப்பன்.

அருள்ஜோசப் பேனாவை மூடிக்கொண்டே என்னைப் பார்த்தார். "யோசிச்சுப் பேசுங்கம்மா. கோர்ட் உத்தரவு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். படிச்சுக் காட்டுனாங்க."

"தெரிஞ்சுமா எடுக்கச் சொன்னீங்க?"

"செம்மண் கொண்டான்னேன். இந்த வீட்டுல செம்மண்ணுன்னா ஒரே எடந்தான். அங்க எடுக்காதேன்னு நான் சொல்லியிருக்கணும். எனக்கு நெனப்பு வரல. வராதது என் தப்பு. அவ மேல ஒண்ணுமில்ல. ரெண்டு கூடை எடுத்தா. டின்னு மேல பூசுனது, வாய மெழுகுனது, எல்லாம் அந்த மண்ணு."

ராமப்பன்கூட இதை எதிர்பார்க்கவில்லை. வாதாடுவேன், அழுவேன், யார் தலையிலாவது போடுவேன் என்று நினைத்து வந்தவன்.

"பூசுன மண்ணுக்கு நான் பொறுப்பு," என்றேன். "ஆனா அவன் மனுவுல எழுதுனது அதில்ல. டின்னுக்கு உள்ள இருக்கறது திருட்டு மண்ணுன்னு எழுதியிருக்கான். உள்ள இருக்கறது தளிக் காட்டு இலை மண்ணு. அதயும் பாத்துட்டு எழுதுங்க."

"மேல இலை மண்ணப் போட்டு அடியில எங்க மண்ண வெச்சிருப்பாங்க சார்," என்றான் ராமப்பன்.

"கவுத்துப் பாரு."

"எதக் கவுக்கறது?"

"நீயே எடு. எந்த டின்னு வேணும்?"

அவன் டின்களைச் சுற்றி வந்தான். சந்தையில் மாடு பிடிக்கிறவன் போல ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தான். கடைசியில் சுவரோரம், கொண்டைக்குருவி கொத்தாமலிருக்கப் பழைய கொசுவலைத் துணியால் மூடி வைத்திருந்த பெரிய செடியின் முன்னால் நின்றான். துணியை இழுத்துப் போட்டான். பச்சைக் காய்கள், சிவந்த காய்கள், நடுவே ஏழெட்டு, சாம்பல் பூத்தாற்போல் நீலமாகப் பழுத்து நின்றன.

"இத," என்றான்.

ராஜாத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "பெரிம்மா, அது வேணாம். வேற எதயாச்சும் சொல்லுங்க. அது ஒண்ணுதான் காய்ச்சிருக்குது."

எனக்குத் தெரியும். அந்தச் செடியை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதும் தெரியும். கருக்கலில் முதல் வேலையாக அதைத்தான் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் எடு என்று சொன்னவள் நான். இப்போது மாற்றினால், அந்த டின்னில்தான் ஏதோ இருக்கிறது என்று ஊர் பேசும்.

"கவுத்து ராஜாத்தி," என்றேன். குரல் கடுமையாகத்தான் வந்தது.

அவள் என் கையை விட்டாள். டின்னின் அருகே உட்கார்ந்து, தண்டுகளுக்கு நடுவே விரல்களை விரித்து மண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தாள். டின்னைச் சாய்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். வேரும் மண்ணுமாக, டின் உருவத்திலேயே, ஒரே கட்டியாக வழுக்கிக்கொண்டு வந்தது. மேலே மெழுகிய செம்மண் போக, மீதி கன்னங்கரேல் என்று இருந்தது. தலைமயிர் போல மெல்லிய வேர்கள் கட்டி முழுக்கப் பின்னியிருந்தன. வாசலில் மழைக்காலக் காட்டு வாசனை அடித்தது.

"நடுவுல பாக்கணும்," என்றான் ராமப்பன்.

கமிஷனர் சங்கடத்தோடு தலையசைத்தார். "பிளந்துதான் ஆகணும்மா."

வேறு யாரையும் தொடவிடாமல் ராஜாத்தியே இரண்டு கட்டை விரலையும் உள்ளே கொடுத்து அந்தக் கட்டியைப் பிளந்தாள். வேர் அறுகிற சத்தம் கேட்டது. பழங்கள் உதிர்ந்து உருண்டன.

கமிஷனர் கைக்குட்டையை விரித்து, நடுவிலிருந்து ஒரு பிடி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். மக்கிய இலை, மரத்தூள், சுள்ளி. கைக்குட்டை கறுத்தது. சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

"இது அந்த நிலத்து மண் இல்லை," என்றார்.

"ஒரு டின்ன மட்டும் வேணும்னே இப்படி வெச்சிருப்பாங்க சார்!"

"நீதானப்பா எடுத்துக் குடுத்த!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். இந்தத் தடவை தெருவே சிரித்தது. ராமப்பன் ஓரடி பின்வாங்கினான். வெறுங்கால் ஒரு பழத்தின் மேல் பட்டு, பாதமெல்லாம் ஊதா நிறம்.

ராஜாத்தி உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கமிஷனர் அவளிடம் மெதுவாக, "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். அவள் பழுத்த இரண்டைத் துடைத்து நீட்டினாள். அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "வேண்டாம்மா. கமிஷனுக்கு வந்த வீட்டில் நான் தண்ணிகூடக் குடிக்கறதில்லை. சும்மா கேட்டேன்."

அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

ராமப்பன் அதற்குள் சுதாரித்துக்கொண்டான். "சரி சார். உள் மண்ணு வேறன்னே இருக்கட்டும். ஆனா மண்ணு எடுத்தத அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நாளைக்கு இல்லன்னு சொல்லுவாங்க. இந்த டின்ன அப்படியே பூசுன மண்ணோட கோர்ட்டுல கொண்டுபோய் வைங்க. இன்னைக்கே."

அதில் நியாயம் இருந்தது. கமிஷனரும் மறுக்கவில்லை. கோர்ட் சாமான்களை வைக்கும் நாஜர் அறையில் பூட்டி, நீதிபதி முன்சீப் கேட்கிறபோது எடுத்துக் காட்ட வேண்டும் என்றார்.

"செடியோடயா?" என்றாள் ராஜாத்தி. "அங்க யாரு சார் தண்ணி ஊத்துவாங்க? வேரு அறுந்து கெடக்குது. ரெண்டு நாள் காஞ்சா போயிடும்."

"கோர்ட்டில் செடிக்குத் தண்ணி ஊத்த ஆள் கிடையாதும்மா."

ராமப்பன் மீசை ஓரத்தில் ஒரு சிரிப்பு. அவன் கேட்டதே அதற்குத்தான்.

"அப்ப நான் கூட வரேன்," என்றாள் ராஜாத்தி. "டாக்டரம்மா கூட வேல பாத்த நர்சு ஒருத்தங்க கிருஷ்ணகிரியில இருக்காங்க. அங்க தங்கிக்கிறேன். காலையில சாயங்காலம் ஊத்திட்டுப் போறேன்."

"வயசுப் பொண்ணு கோர்ட்டு வாசல்ல போயி நிக்கறதா?" கோவிந்தப்பன் கத்தினான். "இந்த வீட்டுப் பொம்பளைங்க யாரும் கோர்ட்டுப் படி ஏறுனதில்ல!"

அது என்னுடைய வாக்கியம். நூறு தடவை நான் சொல்லி அவன் கேட்டது.

கமிஷனர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னதை ரிப்போர்ட்டில் எழுதணும்மா. முன்சீப் விளக்கம் கேட்பார். உங்க வக்கீலே சொல்லிடலாம். நீங்க வரணும்னு இல்லை."

"வக்கீல் சொன்னா, வக்கீல் சொன்னதா இருக்கும். என் வாயால நான் சொல்லிக்கிறேன். டின்ன நாங்களே எடுத்துக்கிட்டு வர்றோம். ராஜாத்தி தனியா வரமாட்டா. நான் கூட வரேன்."

"அண்ணி," என்றான் ராமப்பன், முதல் தடவையாகக் குரலை இறக்கி. "வேணாம். ஆஞ்சப்பண்ணன் பொண்டாட்டி டின்ன எடுத்துக்கினு பஸ் ஏறுனான்னு ஊர் சிரிக்கும்."

"நீ சேத்து வெச்ச கூட்டந்தான? நல்லாச் சிரிக்கட்டும். எங்க போறோம்னு எல்லாருக்கும் சொல்லிடு, உனக்கு அது நல்லா வரும்."

ராஜாத்தி பிளந்த கட்டியைச் சேர்த்து டின்னுக்குள் வைத்தாள். சுற்றிலும் இலை மண்ணை அமுக்கி, அண்டாவிலிருந்து மழைத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். ஒரு குடம் நிறைய இடுப்பிலும் எடுத்துக்கொண்டாள். நாகம்மா டின்னைத் தலையில் வாங்க வந்தபோது நான் தடுத்தேன்.

"நீ வீட்டப் பாத்துக்க. எவன் வந்து இன்னா கேட்டாலும், அம்மா வரட்டும்னு மட்டும் சொல்லு."

"என்னால உங்களுக்கு இந்தக் கதி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்னாலயா? போடி, அடுப்பப் பாரு."

டின்னை நானும் ராஜாத்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தெரு வழியாக நடந்தோம். முக்காடு போடவில்லை. வாசல்களில் நின்ற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். செடிக்கு ரசம் ஊற்றுகிறார்கள் என்று முதலில் சிரித்த சரசம்மா மட்டும், "பாத்துப் போங்கக்கா, கல்லு கெடக்குது," என்றாள்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி போகிற பஸ் வந்தது. கமிஷனர் முன்னால் ஏறி டிரைவர் பக்கம் உட்கார்ந்துகொண்டார்; எங்களோடு பேசக் கூடாது என்று அவருக்குக் கணக்கு. கண்டக்டர் எங்களைப் பார்த்தான், டின்னைப் பார்த்தான்.

"டின்ன மேல ஏத்துங்கம்மா."

"மேல வெயிலு. மடியில இருக்கட்டும்."

"ஒரு ஆள் எடத்த அடைக்குதும்மா."

"அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட்டு கிழி. அரை டிக்கெட்டு வேணாம், முழுசாவே குடு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு பின்னால் போய்விட்டான். ராஜாத்தியின் உதடு கொஞ்சம் அசைந்தது. உடனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எம்மேல கோவமா?" என்றேன்.

"ஆமா."

"இருக்கட்டும். இருக்க வேண்டியதுதான்."

"வேற டின்னு காட்டியிருக்கலாம் இல்ல?"

"அவன எடுக்கச் சொன்னேனே. சொன்னப்புறம் மாத்துனா அது என்ன சொல்லு?"

"உங்க சொல்லு. எஞ்செடி."

அவள் சொன்னது சரி. சரி என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

பஸ் புறப்பட்டு எங்கள் தெருமுனையைக் கடந்தது. அங்கிருந்து ராமப்பன் வீட்டு முகப்பு நேராகத் தெரியும். ராஜாத்தி என் முழங்கையை இடித்தாள்.

கோவிந்தப்பன் அங்கே நின்றுகொண்டிருந்தான். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது. ராமப்பன் அவன் தோளைத் தட்டி, நிலைவாசலைக் காட்டி, உள்ளே வரச் சொல்லிக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோவிந்தப்பன் படியேறினான்.

எங்கள் பக்கத்தில் வழக்குக்கு இரண்டு கையெழுத்து. ஒன்று என்னுடையது. இன்னொன்று அவனுடையது. அவன் நிலத்தை விட்டுக்கொடுத்து, ராஜி என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், நான் கோர்ட்டில் போய் எதைச் சொல்லி என்ன?

"அப்பா..." ராஜாத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "பஸ்ஸ நிறுத்தச் சொல்லட்டுமா பெரிம்மா? எறங்கிடலாமா?"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். முன்னால் கமிஷனரும் திரும்பினார்.

இறங்கினால் கோவிந்தப்பனைப் பிடித்து இழுத்து வரலாம். ஆனால் ஒத்துக்கொண்டவள் பாதி வழியில் இறங்கிவிட்டாள் என்றுதான் அந்த ரிப்போர்ட்டில் இருக்கும். அப்புறம் அந்த மண் யார் தலையில் விழும் என்பது எனக்குத் தெரியும்.

"வேணாம்," என்றேன். "வண்டி போகட்டும்."

ராஜாத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டின்னை மெல்ல நகர்த்தி, பாதி பாரத்தை என் மடிமேல் வைத்தாள்.

பஸ் ராயக்கோட்டை ரோட்டில் வேகம் பிடித்தது.